அயர்லாந்து ஹர்லிங் சாம்பியன்ஷிப் 2018: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2018 பருவத்தை ஏன் தனியாக எடுத்துப் பேசுகிறார்கள்?

ஹர்லிங் என்பது மட்டையும் சிறு பந்தும் கொண்டு ஆடும் அயர்லாந்து விளையாட்டு; இந்தக் கோப்பைக்காக அங்குள்ள கவுண்டிகள் (மாவட்டம் போன்ற பிரிவுகள்) மோதும். 2018-ஐத் தனியாகப் பேச மூன்று காரணங்கள். 1973-க்குப் பிறகு 45 ஆண்டுகள் கோப்பையைத் தொடாத லிமெரிக் அந்த ஆண்டு வென்றது. மாகாணச் சுற்று முதல்முறையாக லீக் முறைக்கு மாறியது. இரண்டு அரையிறுதிகளும் ஒரே வார இறுதியில் கூடுதல் நேரம் வரை போயின. இவற்றில் முதல் காரணத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இரண்டாவது இல்லாமல் முதலாவதைப் புரிந்துகொள்ள முடியாது. லிமெரிக் தன் மாகாணத்தில் மூன்றாம் இடம் பிடித்த அணி. ஒரு தோல்வியின் விலை என்ன என்பதையே புது அமைப்பு மாற்றியிருந்தது. அதனால்தான் இந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் அட்டவணையைப் பற்றி இருக்கிறது.

3-16, 2-18 என்று ஸ்கோர் எழுதுகிறார்களே, எப்படிப் படிப்பது?

கோடுக்கு முன்னால் இருப்பது கோல், பின்னால் இருப்பது பாயின்ட். கோல்கம்பம் எச் எழுத்து வடிவில் இருக்கும். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று பாயின்ட். குறுக்குக் கம்பத்துக்கு மேலே இரண்டு தூண்களுக்கு நடுவே பறந்தால் ஒரு பாயின்ட். ஆக 3-16 என்றால் 9 + 16 = 25. 2-18 என்றால் 6 + 18 = 24. அந்த ஆண்டு இறுதிப் போட்டி முடிந்தது இந்த ஒற்றை பாயின்ட் வித்தியாசத்தில்தான்.

கோலை மட்டும் பார்த்து வென்றது யார் என்று முடிவுகட்டினால் தப்பாகிவிடும். அதே ஆண்டு லென்ஸ்டர் மாகாண இறுதியின் மறு ஆட்டத்தில் கில்கென்னி மூன்று கோல் போட்டது, கால்வே ஒன்றுதான். ஸ்கோர் 1-28, 3-15. கால்வேக்கு 31, கில்கென்னிக்கு 24. ஏழு பாயின்டில் கால்வே வெற்றி.

இந்தப் பக்கத்தில் ஆடுகளத்தில் எடுப்பதை ‘பாயின்ட்’ என்றும், லீக் பட்டியலில் கிடைப்பதை ‘புள்ளி’ என்றும் எழுதியிருக்கிறோம்.

ஹாக்கி மாதிரியா?

மட்டையும் சிறு பந்தும் மட்டும்தான் பொது. ஹர்லிங்கில் பந்தைக் காற்றில் எவ்வளவு உயரத்திலும் அடிக்கலாம், கையால் பிடிக்கலாம், உள்ளங்கையால் தட்டிக் கொடுக்கலாம், காலால் உதைக்கலாம். தரையில் கிடக்கும் பந்தைக் கையால் எடுப்பது மட்டும் கூடாது. மட்டையாலோ காலாலோ கிளப்பித்தான் கைக்குக் கொண்டுவர வேண்டும். கையில் வந்த பிறகு நான்கு காலடிக்கு மேல் நடக்கக் கூடாது. அதற்கு மேல் ஓட வேண்டுமென்றால் பந்தை மட்டையின் அகன்ற நுனியில் நிறுத்தியபடி ஓட வேண்டும். அணிக்கு 15 பேர். கவுண்டிகளுக்கு இடையிலான முதல்தர (சீனியர்) ஆட்டம் 70 நிமிடம், 35 வீதம் இரண்டு பாதி. மட்டை வழக்கமாக ஆஷ் மரத்தில் செய்தது. தலைக்கவசம் 2010 முதல் எல்லோருக்கும் கட்டாயம்.

2018-இல் வந்த புது அமைப்பு என்ன?

அதற்கு முன்பு மாகாணப் போட்டி நாக் அவுட். தோற்ற அணிக்குத் ‘தகுதிச் சுற்று’ என்ற பின்வாசல் இருந்தது. ஆனால் சில அணிகளுக்குப் பருவம் முழுக்க இரண்டே ஆட்டத்தில் முடிந்துவிடும்; குளிர்காலம் முழுக்கப் பயிற்சி எடுத்தது அந்த இரண்டு ஆட்டத்துக்காக என்றாகிவிடும்.

2018-இல் மன்ஸ்டர் மாகாணத்தில் ஐந்து அணிகள்: கார்க், கிளேர், லிமெரிக், டிப்பரேரி, வாட்டர்ஃபோர்ட். லென்ஸ்டரில் ஐந்து: கால்வே, கில்கென்னி, வெக்ஸ்ஃபோர்ட், டப்ளின், ஆஃபலி. ஒவ்வோர் அணிக்கும் நான்கு ஆட்டம். இரண்டு சொந்த மைதானத்தில், இரண்டு வெளியே. வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு 1.

முதல் இரண்டு இடம் பிடித்தவை மாகாண இறுதியில் மோதும். அதில் வென்ற அணி நேராக அகில அயர்லாந்து அரையிறுதிக்குப் போகும். தோற்ற அணி காலிறுதிக்கு. மூன்றாம் இடம் பிடித்த அணி முன்-காலிறுதி ஆட வேண்டும். அதில் எதிரணி, இரண்டாம் அடுக்கான ஜோ மெக்டோனா கோப்பையின் இறுதிப் போட்டியாளர்களில் ஒன்று. நான்காம், ஐந்தாம் இடத்துக்கு வீட்டுக்குப் போகும் வழிதான்.

இன்னொரு மாற்றமும் சேர்ந்து வந்தது. அதுவரை வழக்கமாகச் செப்டம்பரில் நடந்த இறுதிப் போட்டி ஆகஸ்ட் 19-க்கு முன்னகர்ந்தது. ஆட்டங்கள் கூடின, நாட்கள் குறைந்தன. பின்னால் வந்த சிக்கல்களில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

கால்வே லென்ஸ்டரில் இல்லையே, எப்படி அங்கே ஆடுகிறது?

கால்வே மேற்கே கானக்ட் மாகாணத்தில் இருக்கிறது. அங்கே அதற்கு ஈடுகொடுக்கும் ஹர்லிங் அணி கிடையாது. அதனால் 2009 முதல் லென்ஸ்டரில் ஆடுகிறது. 2018-இல் களமிறங்கியபோது அதுதான் நடப்புச் சாம்பியன்.

மன்ஸ்டர் பட்டியல் எப்படி முடிந்தது?

கார்க் 6, கிளேர் 6, லிமெரிக் 5, டிப்பரேரி 2, வாட்டர்ஃபோர்ட் 1. கார்க்கும் கிளேரும் ஒரே புள்ளி. இரண்டு அணிகள் சமமானால் அவை தமக்குள் ஆடிய ஆட்டத்தின் முடிவுதான் கணக்கு. முதல் வாரமே கார்க் கிளேரை வென்றிருந்ததால் அதற்கு முதலிடம்.

பத்து ஆட்டங்களில் மூன்று சமன். கடைசி நாளான ஜூன் 17 அன்று எனிஸ் நகரில் கிளேர் - லிமெரிக் ஆட்டம். சமன் செய்திருந்தால்கூட லிமெரிக்குக்கு மாகாண இறுதி உறுதி. ஆனால் 0-26, 0-15 என்று 11 பாயின்டில் தோற்றது. பழைய நாக் அவுட் முறையில் இப்படி ஒரு தோல்வி அணியையே கலைத்துப் போட்டிருக்கும். 2018-இல் அன்று காலையே லிமெரிக்கின் மூன்றாம் இடம் உறுதியாகியிருந்தது: டிப்பரேரி 2 புள்ளியோடு முடித்துவிட்டது, வாட்டர்ஃபோர்ட் வென்றாலும் 3-க்கு மேல் வராது. போனது நேர்வழி மட்டும்தான்.

சொந்த மைதானம் அவ்வளவு முக்கியமா?

மன்ஸ்டரில் உண்மையான சொந்த மைதானத்தில் நடந்தவை எட்டு ஆட்டங்கள். அவற்றில் ஐந்தில் உள்ளூர் அணி வென்றது, இரண்டு சமன். வெளியே போய் வென்றது ஒரே அணி: ஜூன் 10 அன்று தர்லெஸ் நகரின் செம்பிள் ஸ்டேடியத்தில் டிப்பரேரியை வென்ற கிளேர். அந்த ஆட்டத்தில் டிப்பரேரியின் ஜேக் மோரிஸ் அடித்த பந்து தூணில் பட்டுத் திரும்பியது. அதே வேகத்தில் கிளேர் மறுமுனைக்குக் கொண்டுபோய் இயன் கால்வின் கோலாக்கினார். சில விநாடிகளில் இரண்டு அணிகளின் பருவமும் திசை மாறியது.

மீதி இரண்டு ஆட்டங்கள் ஏன் கணக்கில் இல்லை? வாட்டர்ஃபோர்டின் வால்ஷ் பார்க் இந்தத் தரப் போட்டிக்கு ஏற்றதாக அப்போது இல்லை என்று முடிவானது. அதனால் அந்த அணியின் ‘சொந்த’ ஆட்டங்கள் லிமெரிக் கேலிக் கிரவுண்ட்ஸிலும் தர்லெஸிலும் நடந்தன. மற்ற நான்கு அணிகளுக்கும் இருந்த அனுகூலம் இந்த ஓர் அணிக்கு மட்டும் இல்லாமல் போனது. மைதானங்களைச் சரிபார்த்த பிறகு லீக் முறையைத் தொடங்கியிருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

‘பேய் கோல்’ என்பது என்ன?

ஜூன் 3, வாட்டர்ஃபோர்ட் - டிப்பரேரி, கேலிக் கிரவுண்ட்ஸ். வாட்டர்ஃபோர்ட் நல்ல முன்னிலையில் இருந்தது. டிப்பரேரி அனுப்பிய நீளப் பந்து கோல் வாயில் இறங்க, ஆஸ்டின் கிளீசன் கோட்டருகே அதைப் பிடித்தார். அவர் பிடித்தபோது பந்து கோட்டைத் தாண்டிவிட்டது என்று கோல் நடுவர் பச்சைக் கொடியைத் தூக்கினார். தொலைக்காட்சிப் படங்களில் பந்து முழுதாகத் தாண்டியதாகத் தெரியவில்லை. ஆட்டம் சமனில் முடிந்தது.

ஏன் திருத்த முடியவில்லை? ஒவ்வொரு முனையிலும் வெள்ளை அங்கி போட்ட இரண்டு கோல் நடுவர்கள் நிற்பார்கள். கோலுக்குப் பச்சைக் கொடி, பாயின்டுக்கு வெள்ளைக் கொடி. ஹாக்-ஐ கருவி டப்ளினில் உள்ள குரோக் பார்க்கிலும் செம்பிள் ஸ்டேடியத்திலும்தான் இருந்தது. அதுவும் தூண்களுக்கு நடுவே பாயின்ட் போனதா என்று மட்டும் பார்க்கும், கோல் கோட்டைப் பார்க்காது. ஒளிப்பதிவைத் திரும்பப் பார்த்து முடிவை மாற்ற விதி இல்லை.

அந்தக் கோல் இல்லையென்றால் வாட்டர்ஃபோர்ட் தப்பியிருக்குமா என்று கேட்பவர்களுக்கு: புள்ளிக் கணக்கில் பார்த்தால் இல்லை. வென்றிருந்தால் 1-க்குப் பதில் 2 புள்ளி கிடைத்திருக்கும். மூன்றாம் இடத்துக்கு 5 தேவைப்பட்டது. ஆனால் ஒரு வெற்றியைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வாரம் இறங்கும் அணியும், பறிகொடுத்துவிட்டு இறங்கும் அணியும் ஒன்றல்ல.

அட்டவணை நியாயமாக இருந்ததா?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஐந்து அணி, ஐந்து வாரம் என்றால் ஒவ்வோர் அணிக்கும் ஒரு வாரம் ஓய்வு. அந்த ஓய்வு நடுவில் விழுந்தால் காயங்கள் ஆறும், தவறுகளைத் திருத்த நேரம் கிடைக்கும். முதல் வாரமோ கடைசி வாரமோ விழுந்தால் அது ஓய்வே இல்லை. நான்கு ஆட்டமும் தொடர்ந்து நான்கு வார இறுதிகளில் வந்துவிடும். மன்ஸ்டரில் டிப்பரேரிக்குக் கடைசி வாரம் விழுந்தது, வாட்டர்ஃபோர்டுக்கு முதல் வாரம். லென்ஸ்டரில் ஆஃபலிக்குக் கடைசி வாரம், வெக்ஸ்ஃபோர்டுக்கு முதல் வாரம். இந்த நான்கு அணிகளில் ஒன்றுகூட மாகாண இறுதிக்குப் போகவில்லை. வெக்ஸ்ஃபோர்ட் மட்டும் மூன்றாம் இடத்தோடு தப்பியது.

லிமெரிக்கின் தேதிகளைப் பாருங்கள்: மே 20 ஆட்டம், அடுத்த வாரம் ஓய்வு, பிறகு ஜூன் 2, 10, 17. அதன்பின் ஜூலை 7 வரை மூன்று வாரம் இடைவெளி. லிமெரிக்கின் வெற்றியை இது எந்த விதத்திலும் குறைக்காது. ஆனால் பட்டியலை மட்டும் பார்த்து டிப்பரேரியை மட்டம் தட்டுபவர்கள் தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதே டிப்பரேரிதான் அடுத்த ஆண்டு, 2019-இல், கோப்பையை வென்றது.

லென்ஸ்டரில் என்ன நடந்தது?

கால்வே நான்கையும் வென்று 8 புள்ளி. கில்கென்னி 6, வெக்ஸ்ஃபோர்ட் 4, டப்ளின் 2, ஆஃபலி 0. ஜூலை 1 அன்று குரோக் பார்க்கில் மாகாண இறுதி 0-18, 0-18 என்று சமன். அப்போது மாகாண இறுதிக்குக் கூடுதல் நேரம் இல்லை, நேராக மறு ஆட்டம். அடுத்த ஞாயிறு தர்லெஸில் கால்வே வென்றது.

இதில் அதிகம் அடிபட்டது கில்கென்னி. ஜூலை 1 இறுதி, 8 மறு ஆட்டம், 15 காலிறுதி. அந்தக் காலிறுதியில் எதிரே நின்றது லிமெரிக்.

மூன்றாம் இடம் பிடித்த லிமெரிக் கோப்பை வரை வந்தது எப்படி?

எட்டு ஆட்டங்கள். மே 20 அன்று டிப்பரேரியை 1-23, 2-14 என்று வென்றது. ஜூன் 2 அன்று கார்க் நகரில் ஆரன் கில்லேன் முதல் பாதியிலேயே வெளியேற்றப்பட்ட பிறகு, ஓர் ஆள் குறைவாக ஆடி 0-28, 1-25 என்று சமன் செய்தது. அந்தப் பருவத்தில் லிமெரிக்கின் தரத்தை முதலில் காட்டிய ஆட்டம் இதுதான் என்பது எங்கள் மதிப்பீடு. ஜூன் 10 அன்று வாட்டர்ஃபோர்டை வென்றது, 17 அன்று கிளேரிடம் தோற்றது.

ஜூலை 7 அன்று கார்லோவில் முன்-காலிறுதி; சுலபமான வெற்றி. ஜூலை 15 அன்று தர்லெஸில் கில்கென்னிக்கு எதிராக 0-27, 1-22. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் ரிச்சி ஹோகன் கோல் போட்டுக் கில்கென்னியை முன்னே கொண்டுவந்தார். அந்த இடத்தில் பல ஆண்டுகளாக உடைந்துபோகும் அணியாகவே லிமெரிக் அறியப்பட்டிருந்தது. இந்தமுறை உடனுக்குடன் பாயின்ட் எடுத்துத் திரும்ப வந்தது. 1973 இறுதிக்குப் பிறகு சாம்பியன்ஷிப்பில் கில்கென்னியை லிமெரிக் வென்றது அன்றுதான்.

அந்த அரையிறுதி வார இறுதி பற்றிச் சொல்லுங்கள்.

ஜூலை 28, சனி: கால்வே, கிளேர் இரண்டும் 1-30. கூடுதல் நேரம் பத்து நிமிடம் வீதம் இரண்டு பாதி ஆடியும் சமன். ஆகஸ்ட் 5 அன்று தர்லெஸில் மறு ஆட்டம்: கால்வே 2-17, கிளேர் 1-19, ஒரு பாயின்ட். கடைசி நேரத்தில் கிளேரின் ஆரன் ஷனஹர் அடித்த பந்து தூணில் பட்டுத் திரும்பியது.

ஜூலை 29, ஞாயிறு: லிமெரிக் 3-32, கார்க் 2-31, கூடுதல் நேரத்துக்குப் பிறகு. ஆட்டம் முடியும் கட்டத்தில் கார்க் ஆறு பாயின்ட் முன்னால் இருந்தது. லிமெரிக் எட்டிப் பிடித்தது. ஸ்கோர் சமமாக இருக்க, கார்க்கின் ஷேமஸ் ஹார்னடி கோல் எதிரே தனியாக வந்து மட்டையை ஓங்கினார். கோல்காப்பாளர் நிக்கி குவெய்ட் பாய்ந்து வந்து, அடி விழும் நொடியில் தன் மட்டை நுனியால் பந்தைத் தட்டிவிட்டார். உடலில் மோதியிருந்தால் பெனால்டி. அரை நொடி தாமதித்திருந்தால் கோல், பருவம் அத்தோடு முடிந்திருக்கும். மெதுவாக ஓட்டிப் பாருங்கள்: குவெய்டின் கண் கடைசிவரை பந்தின் மேலேயே இருக்கும்.

கூடுதல் நேரத்தில் ஷேன் டவ்லிங்கின் பெனால்டியும் பாட் ரயனின் கோலும் ஆட்டத்தை முடித்தன. இருவருமே மாற்று வீரர்கள்.

இறுதிப் போட்டியில் எட்டு பாயின்ட் முன்னிலை எப்படி ஒன்றாகக் கரைந்தது?

ஆகஸ்ட் 19, குரோக் பார்க், 82,300 பேர். முதல் பாதியில் கிரேம் மல்காஹி ஒரு கோல். இடைவேளையில் லிமெரிக் 1-10, கால்வே 0-9. இரண்டாம் பாதியில் டாம் மோரிசி தடுப்பாட்டக்காரரிடமிருந்து பந்தைப் பறித்து ஓடி இரண்டாவது கோல். 68-ஆம் நிமிடம் டவ்லிங் மூன்றாவது. எட்டு பாயின்ட் முன்னிலை.

பிறகு எட்டு நிமிடக் காய நேரம் (ஆட்டம் தடைபட்டதற்காகச் சேர்க்கும் நேரம்) அறிவிக்கப்பட்டது. கானர் வீலன் ஒரு கோல் போட்டார். ஜோ கேனிங் ஃப்ரீ அடியை நேராக வலைக்குள் அறைந்தார். வித்தியாசம் ஒன்றானது. லிமெரிக்காரர்கள் எல்லோருக்கும் அப்போது 1994 நினைவு வந்திருக்கும். அந்த ஆண்டு இறுதியில் ஐந்து நிமிடம் மீதமிருக்க ஐந்து பாயின்ட் முன்னால் இருந்தது லிமெரிக். ஆஃபலி அந்த ஐந்து நிமிடத்தில் 2-5 எடுத்து 3-16, 2-13 என்று வென்றது. இடையில் 1996, 2007 இறுதிகளிலும் தோல்வி.

கடைசியில் கேனிங்குக்கு வெகுதூரத்திலிருந்து இன்னொரு ஃப்ரீ. பாயின்டாகப் போனால் சமன், மறு ஆட்டம். பந்து தூரம் போதாமல் கோல்முன் கூட்டத்துக்குள் இறங்கியது. மாற்று வீரர் டாம் காண்டன் அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். ஊதல். 3-16, 2-18.

லிமெரிக்கின் ஆட்ட முறையில் புதிதாக என்ன இருந்தது?

மேலாளர் ஜான் கீலி, பயிற்சியாளர் பால் கின்னெர்க். கோல்காப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக அடிப்பதை விட்டு, காலியாக நிற்கும் சகவீரருக்குக் குறிபார்த்து அடிப்பது. நடுக்களத்தில் கைமாற்றி முன்னேறுவது. தூரத்திலிருந்து பாயின்ட் எடுப்பது. கரோட் ஹெகர்ட்டி, கைல் ஹேய்ஸ், டாம் மோரிசி மூவரும் உயரமும் பலமும் உள்ள நடு முன்வரிசை. பந்து போய்விட்டால் பின்னால் ஓடித் தடுப்பதும் அவர்கள் வேலை. மோரிசியின் இறுதிப் போட்டி கோல் அப்படி விளைந்ததுதான். இந்த அணியின் பெரும்பகுதி 2015, 2017 ஆண்டுகளின் 21 வயதுக்குட்பட்டோர் கோப்பையை வென்ற அணிகளிலிருந்து வந்தது. ஹேய்ஸுக்கு அப்போது 20 வயது. கீயன் லிஞ்ச் ஆண்டின் சிறந்த வீரரானார்.

கோப்பையைப் பற்றி?

லியம் மெக்கார்த்தி கோப்பை. அதை முதன்முதலில் வாங்கியதே லிமெரிக்தான்: 1921-ஆம் ஆண்டுக்கான இறுதி 1923-இல் நடந்தது, தலைவர் பாப் மெக்கான்கி. 2018-இல் தூக்கியவர் டெக்லன் ஹேனன். லிமெரிக்கின் எட்டாவது பட்டம்.

வீரர்களுக்குச் சம்பளம் உண்டா?

இல்லை. எல்லோரும் அமெச்சூர்கள், வேறு வேலை பார்ப்பவர்கள். தம் கிளப் இருக்கும் கவுண்டிக்கே ஆடுவார்கள். நான்கு வாரம் தொடர்ந்து ஆடவைப்பது ஏன் கொடுமை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆஃபலிக்கு என்ன ஆனது?

லென்ஸ்டரில் கடைசி இடம் என்பதால் ஜோ மெக்டோனா கோப்பைக்கு இறக்கப்பட்டது. 1981, 1985, 1994, 1998 என்று நான்கு முறை அயர்லாந்தை வென்ற கவுண்டி அது. அதன் இடத்துக்கு, வெஸ்ட்மீத்தை 2-26, 1-24 என்று வென்ற கார்லோ ஏறியது.

அமைப்பு அப்படியே நீடித்ததா?

2020, 2021 ஆண்டுகளில் கோவிட் காரணமாக நாக் அவுட் திரும்பியது. 2022-இல் லீக் முறை மீண்டும் வந்தது, லென்ஸ்டரில் ஆறு அணிகளோடு. லிமெரிக் 2020 முதல் 2023 வரை தொடர்ச்சியாக நான்கு முறை வென்றது.

பழைய ஒளிப்பதிவுகளில் எதை முதலில் பார்க்கலாம்?

ஹர்லிங்குக்குப் புதியவர் என்றால் இறுதிப் போட்டியில் தொடங்க வேண்டாம். அதில் பதற்றம் அதிகம், தெளிவு குறைவு. லிமெரிக் - கார்க் அரையிறுதியை முழுதாகப் பாருங்கள். முதல் 20 நிமிடம் பந்தைக் கண்ணால் பின்தொடரவே சிரமப்படும். ஸ்கோர் பலகையை விட்டுவிட்டு, கோல்காப்பாளர் பந்தை அடிக்கும்போது நடுக்களத்தில் யார் எங்கே நகர்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். அடுத்து கால்வே - கிளேர் ஆட்டங்கள் இரண்டையும் வரிசையாக. அதற்குப் பிறகு இறுதிப் போட்டி, 68-ஆம் நிமிடத்திலிருந்து நிறுத்தாமல்.